ஒரு கணக்கு, நான்கு வீடு: இனி யாருக்கு எந்த வழி?

இரவு ஒன்பதரை இருக்கும். அம்மா போன் பண்ணினார். "டிவியில ஏதோ நம்பர் கேக்குதுப்பா. இந்த டிவி உங்க வீட்டைச் சேர்ந்தது இல்லைன்னு போட்டிருக்கு." நான் ஒரு வேலையின் நடுவில் இருந்தேன். பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். ஞாபகம் வந்து, மின்னஞ்சலைத் திறந்து, அதில் வந்திருந்த கோட் நம்பரை ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிட்டது. மறுபடி புதிதாக வரவழைக்க வேண்டும். அதற்கு எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று எனக்கு இங்கிருந்து சொல்லத் தெரியவில்லை. திரையில் இருப்பதை வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியிலேயே அம்மா, "பரவாயில்ல விடுப்பா, நான் தூங்கப் போறேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் தூங்கப் போகிற நேரமில்லை அது. எனக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் ஒரே சந்தாவில் நான்கு வீடுகள் ஓடிக்கொண்டிருந்தன: என் வீடு, அம்மா அப்பா வீடு, தங்கை வீடு, வேறொரு நாட்டில் இருக்கும் தம்பியின் அறை. பணம் கட்டியது நான். எந்த ஓடிடி என்பது இங்கே முக்கியமில்லை; ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும், பாஸ்வேர்டை வெளியே பகிரக் கூடாது என்ற இதே பாதையில்தான் பெரிய தளங்கள் பலவும் இப்போது போகின்றன. அன்றைக்கு மறுநாள் உட்கார்ந்து, இருக்கிற வழிகளை எல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் தப்பான முடிவுக்குத்தான் போவோம் என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. அந்தப் பக்கம் ரிமோட்டைப் பிடித்திருப்பவர் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். கொஞ்ச நாள் பொறுத்தால் மறுபடி விட்டுப்பிடிப்பார்கள் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 2017 மார்ச்சில், பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் அன்பு என்கிற பொருளில் நெட்ஃப்ளிக்ஸே ட்விட்டரில் எழுதியது உண்மைதான். அப்போது அதற்கு வளர்ச்சிக்குக் குறைவில்லை. 2022-ன் முதல் காலாண்டில் 2 லட்சம் சந்தாதாரர்களை இழந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அப்படியொரு சரிவை அது பார்த்ததில்லை. பணம் கட்டும் 22.2 கோடி வீடுகள் போக, இன்னும் 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் அடுத்தவர் கணக்கில் பார்க்கின்றன என்ற கணக்கையும் அப்போதே வெளியிட்டது. அந்த ஆண்டு மார்ச்சிலேயே சிலி, கோஸ்டா ரிகா, பெரு மூன்று நாடுகளில், வீட்டுக்கு வெளியே இருப்பவரைச் சேர்க்கக் கூடுதல் கட்டணம் வாங்கும் சோதனையை அறிவித்திருந்தது. 2023 பிப்ரவரியில் கனடா, நியூசிலாந்து, போர்ச்சுகல், ஸ்பெயின். மே 23-ல் அமெரிக்கா உட்பட நூறுக்கும் மேற்பட்ட நாடுகள். ஜூலையில் இந்தியாவும் இந்தோனேசியாவும் கென்யாவும் சேர்ந்த அடுத்த கூட்டம். அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் மட்டும் 1.31 கோடி புதிய சந்தாக்கள் சேர்ந்தன. விளம்பரத்தோடு வரும் மலிவான பிளானுக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும், மற்றவர்கள் கவனிக்க அந்த எண்ணே போதும். டிஸ்னி பிளஸ் 2023 நவம்பரில் கனடாவில் தொடங்கி, 2024 செப்டம்பரில் அமெரிக்காவுக்கு வந்தது. அப்போது மேக்ஸ் என்ற பெயரில் இருந்த எச்பிஓ மேக்ஸ் 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் கூடுதல் உறுப்பினர் கட்டணத்தைக் கொண்டுவந்தது. இவ்வளவு பலன் கொடுத்த ஒன்றை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே காத்திருப்பதை ஒரு வழியாக நான் எண்ணவில்லை.

கோபம் எனக்கும் உண்டு. ஒரே நேரத்தில் நான்கு திரை என்று சொல்லித்தான் பெரிய பிளானை விற்றார்கள். நான்கு திரை எதற்கு? நாலு பேர் நாலு இடத்தில் பார்ப்பதற்குத்தான் என்று வாங்கினவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாலு பேருக்கு என்று விதிமுறையில் எழுதியிருந்தது. அதை யார் படித்தார்கள்? பிள்ளைகள் படிக்கப் போவதும், பெற்றவர்கள் தனியாக இருப்பதும், வேலைக்காகக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஊரில் இருப்பதும் எந்த நாட்டிலும் சாதாரணம். 'குடும்பம்' என்பதை ஒரு வைஃபை இணைப்பாகச் சுருக்கியது எனக்கு இன்றும் சரியாகப் படவில்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டியது இருக்கிற விதிகளுக்குள்தான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நெட்ஃப்ளிக்ஸ் சொல்வதன்படி ஐபி முகவரி (நம் இணைய இணைப்பின் எண்), சாதனத்தின் அடையாள எண், கணக்கில் நடக்கும் செயல்பாடு ஆகியவற்றைப் பார்க்கிறது; இதற்காக நாம் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் வைத்துத் தேடுவதில்லை. மையத்தில் இருப்பது டிவி. முக்கியமாகப் பார்க்கும் டிவி எந்த இணைய இணைப்பில் இருக்கிறதோ, அதே இணைப்பில் வரும் சாதனங்கள்தான் 'வீடு'. அதனால்தான் முதலில் மாட்டுவது வேறு வீட்டில் இருக்கும் டிவி. போனும் லேப்டாப்பும் ஊர் சுற்றுகிற சாதனங்கள் என்பதால் அவற்றில் பிடி கொஞ்சம் தளர்வு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது: தம்பி லேப்டாப்பில் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தான், அம்மாவின் டிவிதான் முதலில் நின்றது. பார்ப்பதற்கு டிவியைத் தவிர வேறு எதுவும் தெரியாதவரைத்தான் இந்த விதி முதலில் தொடுகிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கோட் அனுப்பி அனுப்பிச் சமாளிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பயணத்தில் இருப்பவர்களுக்காக வைத்த வசதி அது. நெட்ஃப்ளிக்ஸில் அந்தக் கோட் 15 நிமிடம் செல்லும். கணக்கு வைத்திருப்பவரின் மின்னஞ்சலுக்கோ போனுக்கோதான் வரும். காசு செலவில்லை என்பது மட்டுமே இதற்குச் சாதகம். ஆனால் இதில் நீங்கள் இருபத்து நாலு மணி நேரமும் உதவி மையமாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் அந்தப் பக்கம் இருப்பவருக்கு. படம் பார்க்கக்கூடப் பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்றால், கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். அம்மா அன்று செய்தது அதுதான். அடிக்கடி கேட்டால் தளத்துக்கும் சந்தேகம் வரும், அது வேறு. விடுமுறைக்கு இரண்டு வாரம் வெளியூர் போனவருக்கு இது போதும். நிரந்தரமாக வேறு வீட்டில் இருப்பவருக்கு வேண்டாம்.

இதன் அண்ணன் ஒருவர் இருக்கிறார்: விபிஎன், அதாவது ஓரிடத்து இணையப் போக்குவரத்தை வேறோர் இடத்து இணைப்பின் வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு. கணினி தெரிந்த நண்பர் ஒருவர் எனக்கு மிகவும் பரிந்துரைத்தார். உங்கள் வீட்டு ரவுட்டரையே விபிஎன் சர்வராக்கி, அம்மா வீட்டு டிவியின் போக்குவரத்தை அதன் வழியாக விட்டால், அந்த டிவியும் உங்கள் வீட்டு ஐபியில் வருவதுபோல் தெரியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அம்மா பார்க்கும் படம் முழுக்க என் இணைப்பின் அப்லோட் வேகத்தை நம்பியிருக்கும். வீட்டு இணைப்புகள் பலவற்றில் டவுன்லோடைவிட அது மிகக் குறைவு. என் வீட்டில் மின்சாரம் போனால் அங்கே படம் நிற்கும். எங்கே கோளாறு என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விதிமுறைக்குப் புறம்பானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் வேலையை ரசித்துச் செய்பவருக்கே இது. மற்றவர்கள் செலவழிக்கும் நேரத்துக்கு ஒரு விலை போட்டுப் பார்த்தால் தனிச் சந்தாவே மலிவு.

ஒரு கணக்குக்குள் ஆளுக்கொன்றாக இருக்கும் ப்ரொஃபைல்களை, யாரோ முன்பின் தெரியாதவர் பிரித்து விற்பதும் நடக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். அந்தக் கணக்கு யாருடையது, எந்தக் கார்டில் ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் பாஸ்வேர்ட் மாறினால் கேட்க ஆளில்லை.

ஆக, உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு நடுவில்தான்: கூடுதல் உறுப்பினர், அல்லது தனிக் கணக்கு.

கூடுதல் உறுப்பினர் என்றால், உங்கள் பில்லில் ஒரு தொகை ஏறும். அவருக்குத் தனி லாகின், தனி பாஸ்வேர்ட், தனி ப்ரொஃபைல். பெயரளவில் நல்ல ஏற்பாடு. வரம்புகளைப் பார்க்காமல் சேர்த்துவிடாதீர்கள். நெட்ஃப்ளிக்ஸில் ஸ்டாண்டர்ட் பிளானுக்கு ஒருவர், பிரீமியத்துக்கு இரண்டு பேர். டிஸ்னி பிளஸ் அமெரிக்காவில் கொண்டுவந்தபோது ஒரு கணக்குக்கு ஒருவரே. சேர்க்கப்படுபவர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாதனத்தில்தான் பார்க்க முடியும். அம்மா ஹாலில் தொடர் பார்க்கும்போது அப்பா அறையில் படம் பார்க்க முடியாது. இதை நான் முதலில் கவனிக்கவில்லை. பிறகு யோசித்தபோது, அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்கிறார்கள், அதனால் பரவாயில்லை என்று பட்டது. உங்கள் வீட்டில் அப்படி இல்லையென்றால் இது பெரிய குறை. அவர் நீங்கள் இருக்கும் நாட்டிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நெட்ஃப்ளிக்ஸில் உண்டு. தம்பியின் கதை அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. இன்னொன்று, போன் அல்லது இணைய நிறுவனத்தின் தொகுப்போடு சேர்த்துச் சந்தா வாங்கியிருந்தால் கூடுதல் உறுப்பினரைச் சேர்க்க முடியாமல் போகலாம். எல்லா நாட்டிலும் இந்த வசதி இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். 2023 ஜூலையில் புதிதாகச் சேர்த்த நாடுகளில் நெட்ஃப்ளிக்ஸ் இதைக் கொடுக்கவே இல்லை. அவற்றில் பல நாடுகளில் ஏற்கெனவே விலையைக் குறைத்துவிட்டோம் என்பது அது சொன்ன காரணம். அங்கே இருப்பவர்களுக்குக் கேள்வியே வேறு: தனிக் கணக்கா, வேண்டாமா?

தனிக் கணக்கின் விலை அதிகம் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு எண்ணைப் பாருங்கள். 2023 மே மாதம் அமெரிக்காவில் கூடுதல் உறுப்பினருக்கு நெட்ஃப்ளிக்ஸ் வைத்த கட்டணம் மாதம் 7.99 டாலர். அதே நாளில் அங்கே விளம்பரத்தோடு வரும் தனிப் பிளான் 6.99 டாலர். அதாவது அடுத்தவர் கணக்கில் ஓரமாக உட்காருவதைவிடச் சொந்தமாகக் கணக்கு வைத்துக்கொள்வது ஒரு டாலர் குறைவு. அதோடு அந்தத் தனிப் பிளானில் ஒரே நேரத்தில் இரண்டு திரை. நிறுவனம் நம்மை எந்தப் பக்கம் தள்ளப் பார்க்கிறது என்பது அந்த ஒரு டாலரில் தெரிகிறது. விலைகள் அதன் பின் மாறிவிட்டன, நாட்டுக்கு நாடும் வேறுபடும். அதனால் முடிவெடுக்கும் அன்று இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபிறகுதான் தங்கையின் விஷயத்தில் மனம் மாறினேன்.

விளம்பரம் எவ்வளவு தொல்லை? 2022 நவம்பரில் 12 நாடுகளில் இந்தப் பிளானைத் தொடங்கியபோது மணிக்குச் சராசரியாக 4 முதல் 5 நிமிட விளம்பரம், ஒவ்வொன்றும் 15 அல்லது 30 விநாடி என்றார்கள். உரிமச் சிக்கலால் சில படைப்புகள் இந்தப் பிளானில் வராது. பட்டியலில் பூட்டுப் படத்தோடு நிற்கும். சாதாரணத் தொலைக்காட்சியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளம்பரம் ஒரு பொருட்டே இல்லை. இருபது வயதுக்காரர்கள்தான் பொறுமை இழக்கிறார்கள். இந்த வழி கிடைக்காத நாடுகளில், போனில் மட்டும் பார்க்கும் பிளானோ, ஒரு திரைப் பிளானோ இருக்கிறதா என்று பாருங்கள்.

தனிக் கணக்கில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அவர் அவருடைய கணக்கின் சொந்தக்காரர். பாஸ்வேர்ட் அவருடையது, நிறுத்துவதும் தொடர்வதும் அவர் இஷ்டம். தங்கைக்கு இது முக்கியம் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. "ஒவ்வொரு தடவை நீ பாஸ்வேர்ட் மாத்தும்போதும் உன்கிட்ட கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்கும்ணா, அதனாலயே பல நாள் பார்க்காம விட்டிருக்கேன்" என்றாள். அவளுக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருப்பதாகத்தான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

எந்த வழியில் போனாலும் ப்ரொஃபைலை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நெட்ஃப்ளிக்ஸ் 2022 அக்டோபரில் இதற்காகவே ஒரு வசதியைக் கொண்டுவந்தது. வேறு தளங்கள் சிலவற்றிலும் உண்டு. பார்த்த வரலாறு, பட்டியலில் சேர்த்து வைத்தவை, பரிந்துரைகள் எல்லாம் புதுக் கணக்குக்குப் போய்விடும். டவுன்லோட் செய்தவை மட்டும் வராது. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அம்மாவைப் போன்றவர்களுக்குத் திரையைத் திறந்ததும் பழைய இடத்தில் பழைய தொடர் இருப்பதுதான் பாதி நிம்மதி. வெறும் புதுக் கணக்கைக் கொடுத்தால், அறிமுகமில்லாத படங்களாக வந்து நிற்கும். 'என் டிவி கெட்டுப்போச்சு' என்று போன் வரும்.

மாற்றி மாற்றிச் சந்தா எடுப்பது இன்னொரு வழி. தொடர்ந்து பார்க்காமல் ஒரு தொடர் வந்தால் அதை மூன்று நாளில் முடித்துவிட்டு இரண்டு மாதம் திறக்காதவர்களுக்கு இதுதான் சரி. ஒரு மாதம் எடுங்கள், எடுத்த அன்றே ரத்து செய்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும் வரை ஓடும். ரத்து செய்ய மறப்பதில்தான் காசு போகிறது, அதனால்தான் எடுத்த அன்றே என்கிறேன். தம்பிக்கு நான் இதைச் சொன்னேன். அவன் வருடத்தில் நாலு மாதம் எடுக்கிறான். ஆண்டு முழுக்கக் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு.

அப்புறம், அடியோடு நிறுத்துவது. இதை ஏளனமாகப் பார்க்கத் தேவையில்லை. ஒரு மாதத்துப் பார்த்த வரலாற்றைத் திறந்து எண்ணிப் பாருங்கள். இரண்டே படம் என்றால், அந்த வீட்டுக்கு இந்தச் சந்தா தேவையில்லை. பகிர்ந்தபோது இலவசமாக இருந்ததால் இருந்தது, அவ்வளவுதான்.

இசைக்கும் யூடியூபுக்கும் இது பொருந்துமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்பாட்டிஃபையின் குடும்பப் பிளான் 6 பேருக்கு, ஆனால் எல்லோரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும். யூடியூப் பிரீமியம் குடும்பப் பிளானிலும் அதே விதி. 30 நாளுக்கு ஒரு முறை சரிபார்ப்பதாக அதன் விதிமுறை சொல்கிறது. வெகுநாள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள் என்பதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

எல்லாம் பார்த்தபின் எங்கள் வீட்டில் எடுத்த முடிவு இது. அம்மா அப்பாவைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்த்தேன். தனிக் கணக்கு சற்று மலிவாகவே இருந்திருக்கும். ஆனால் கார்டு காலாவதியாவது, பணம் கட்டத் தவறியது என்று வரும் மின்னஞ்சல்கள் அவர்களைத் தேடிப் போகக் கூடாது. அவை எனக்கு வர வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு நான் அந்தப் பணத்தைச் சந்தோஷமாகக் கொடுக்கிறேன். தங்கைக்கு விளம்பரத்தோடு தனிக் கணக்கு, அவளே கட்டுகிறாள். தம்பி மாற்றி மாற்றி எடுக்கிறான். பிறகு பிரீமியத்திலிருந்து ஸ்டாண்டர்டுக்கு இறங்கினேன். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளியே இருந்தவர்களுக்காக வாங்கிய நான்கு திரையை, அவர்கள் போனபிறகும் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் எதற்குக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்? 4கே தரம் கட்டாயம் வேண்டுமென்றால் வேறு விஷயம். எனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த இறக்கத்தில் மிஞ்சியது அம்மாவின் கட்டணத்தில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிட்டது.

மாற்றும் அன்று எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பட்டனை அழுத்தி, பாஸ்வேர்டையும் மாற்றினேன். அதற்கு முன் சாதனப் பட்டியலைப் பார்த்தால், எப்போதோ தங்கிய விடுதி டிவி ஒன்று, விற்றுவிட்ட போன் ஒன்று, யாருடையது என்றே தெரியாத டேப்லெட் ஒன்று. நீங்களும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இந்த ஒப்பீட்டில் விலையாக எழுத முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒரே கணக்காக இருந்த காலத்தில், இரவு படுக்கும் முன் நான் எதையாவது தேடும்போது அம்மாவின் ப்ரொஃபைலை ஒரு முறை திறந்து பார்ப்பேன். தொடரின் அடியில் அந்தச் சிவப்புக் கோடு நேற்றைவிடக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இன்றும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார், எல்லாம் வழக்கம்போல் இருக்கிறது என்று அர்த்தம். போன் பண்ணாத நாட்களில் அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அவருக்கு இது தெரியாது. இப்போது அவர் ப்ரொஃபைல் அவர் கணக்கில் இருக்கிறது, எனக்குத் தெரியாது; அப்படி இருப்பதுதான் முறையும்கூட. ப்ரொஃபைலை மாற்றினாலும் பழையதின் நகல் என் கணக்கிலேயே தங்கிவிடுகிறது. அதில் ஒரு தொடரின் ஏழாவது பகுதி பாதியில் நிற்கிறது. அழிக்கவில்லை. ஒன்பதரைக்கு இப்போது நான் போன் பண்ணுகிறேன்.